நானூற்றுப் பன்னிரண்டாம் தாள்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குச் சற்றுத் தள்ளி, எங்கள் தெரு மெயின் ரோட்டில் வந்து சேரும் முனையில், என் முகம் எட்டடிக்கு ஆறடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆதார் அட்டைப் படத்தை ஊதிப் பெரிதாக்கினால் ஒரு மனுஷி எப்படி இருப்பாளோ அப்படித்தான் இருந்தேன். தலைக்கு மேலே, "உலகத் தாவரவியலில் இடம்பிடித்த எங்கள் லமீஸ் அவர்களுக்கு வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தது. தோளுக்குப் பக்கத்தில் ஒரு செடி. அது மணி பிளான்ட். எந்த வீட்டிலும் பாட்டில் தண்ணீரில் நிற்குமே, அதேதான். என் பெயர் வைக்கப்போகிற செடியின் படம் யாரிடமும் இல்லாததால் பேனர் அடித்தவர் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டார்.

பேனர் வைத்தது என் கணவர் பக்ருதீன். தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் நாலு பேர் எதிரில் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து ஒரே நாளில் ஃப்ளெக்ஸில் போட்டுவிட்டார். ஆராய்ச்சிப் பத்திரிகையில் வரட்டும், அதுவரை வெளியே சொல்லாதீர்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேனர் ஏறியது. திங்கட்கிழமை மதியம் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது. அந்தச் செடி புதுச் செடியே இல்லை. அது உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் ஒரு தாவர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஹெர்பேரியம் என்று ஒரு பெரிய கூடம். காட்டிலிருந்து பறித்து வந்த செடிகளை அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் பொருத்தி, இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருப்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பறித்த செடியும் இருக்கும், போன மாதம் பறித்ததும் இருக்கும். பொருத்துவது என் வேலை. காய்ந்த செடியைத் தாளில் கிடத்தி, பசை தடவி, தடித்த தண்டை நூலால் தைத்து, ஓரத்தில் லேபிள் ஒட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். யாராவது கேட்டால் என் மாமியார் "ஆபீஸ் வேலை" என்று முடித்துக்கொள்வார். என் மகள் நூரீன் சின்ன வகுப்பில் ஒருமுறை "எங்கம்மா இலை ஒட்றாங்க" என்று சொல்லப்போக, வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அந்த லேபிளில் எல்லாருக்கும் இடம் உண்டு. செடியைப் பறித்தவர் பெயர் இருக்கும். இது இன்ன செடி என்று கண்டு சொன்னவர் பெயர் இருக்கும். ஜீப் ஓட்டிப் போன டிரைவர் கூட நின்று ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்திருந்தால் அவர் பெயரும் இருக்கும். தைத்து ஒட்டியவளுக்கு மட்டும் இடம் கிடையாது. முப்பதாயிரம் தாளுக்கு மேல் என் கை பட்டிருக்கும். ஒன்றிலும் லமீஸ் இல்லை. இதை நான் யாரிடமும் புலம்பியது இல்லை. ஆனால் வயிற்றெரிச்சல் இருந்தது. நல்லவள் மாதிரி 'இல்லை' என்று சொல்ல மாட்டேன்.

அதைக் கவனித்தவர் டாக்டர் தாமரைச்செல்வி ஒருவர்தான். முதலியார்பேட்டைக்காரர், மில் தொழிலாளியின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். செடியைப் பார்த்து இது இன்னது என்று சொல்வது அவர் வேலை. இருபது வருஷத்தில் ஒரு புதுச் செடிகூட அவர் எழுதியதில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு நாலைந்து எழுதிவிட்டு வேறு ஊருக்குப் பெரிய வேலையில் போய்விட்டார்கள். இவர் மட்டும் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, சந்தேகம் என்று ஒதுக்கிவைத்துவிடுவார். இந்த அம்மாவுக்கு ராசி இல்லை என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். ராசியெல்லாம் இல்லை, பொய் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் செடி கிடைத்தது. மேற்கே மழைக்காட்டில், அருவிக்கரைப் பாறை ஒன்றின் மேல் படர்ந்திருந்ததை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டிசம்பரில் அவரே பறித்து வந்திருந்தார். கட்டைவிரல் நகமளவு இலை. கணுவுக்குக் கணு வேர்விட்டு, தரையோடு தரையாக ஊர்ந்து போகும் சின்னப் பூண்டு. சுண்டுவிரல் நுனியில் அடங்கும் வெள்ளைப் பூ. சேகர எண் நானூற்றுப் பன்னிரண்டு. இதே மாதிரி ஒரு செடியை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பழம் சிவப்பாக, தொட்டால் நசுங்கும். நானூற்றுப் பன்னிரண்டாம் தாளில் இருந்த காயோ உலர்ந்து, வரிவரியாக, மேலெல்லாம் கொக்கி கொக்கியாக முடியோடு இருந்தது. இலையும் பூவும் ஏறக்குறைய ஒன்றுதான். காய் வேறாக இருந்ததால்தான் அது புதுச் செடி.

அந்தக் காய் செடியில் ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை. தாளின் ஓரத்தில் இருந்த உறையில் இருந்தது. பொருத்தும்போது உதிர்கிற இலை, பூ, விதை எதையும் எங்கள் இடத்தில் எறியக் கூடாது. சின்னக் காகித உறை மடித்து, அதில் போட்டு, அதே தாளில் ஒட்டிவிட வேண்டும். அந்த உறையில் மூன்று காய்கள் இருந்தன. போட்டவள் நான்.

மார்ச் மாதம் ஒரு மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது தாமரைச்செல்வி வந்து எதிரில் உட்கார்ந்தார். புதுச் செடிக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாமாம். பெரிய விஞ்ஞானி பெயரை வைப்பார்கள், பெற்றவர்கள் பெயரை வைப்பார்கள், மந்திரி பெயரை வைத்தவர்கள்கூட உண்டு. இவர் என் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னார். லத்தீன் வழக்கப்படி ஒரு வால் சேர்ந்து 'லமீசே' என்று வருமாம். "உங்க கை இல்லன்னா அந்தக் காய் எனக்குக் கெடச்சே இருக்காது. வேற யாராவதுன்னா பெருக்கித் தள்ளியிருப்பாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் முள் குத்திவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகஸ்ட் மாதம், பேனர் ஏறிய மறுநாள், பத்திரிகையிலிருந்து அவர் கட்டுரையின் ப்ரூஃப் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பிழை பார்த்து அனுப்பினால் அடுத்த வாரம் வெளியாகிவிடும். தாமரைச்செல்வி அதை அச்செடுத்து என் மேசைக்கே கொண்டுவந்தார். என் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். சாய்வெழுத்தில், வாலோடு இருந்தது. அதற்குக் கீழே, பத்தொன்பது வருஷமாகத் தாவரங்களைப் பொருத்திக் காப்பாற்றி வரும் திருமதி லமீஸைப் போற்றி இந்தப் பெயர் இடப்படுகிறது என்று ஆங்கிலத்தில் இருந்ததாம். படித்துச் சொன்னார். ஐந்து தரமாவது அந்த வரியைப் பார்த்திருப்பேன். அவர் போன பிறகு பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் காயின் படம்.

கடுகளவு காயை எலுமிச்சம்பழமளவு பெரிதாக்கியிருந்தார்கள். ஒரு காயில் துண்டுக் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காம்பு முட்டி மடக்கியதுபோல வளைந்திருந்தது. படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

டாக்டர்கள் இலையைப் பார்ப்பார்கள், பூவைப் பிரிப்பார்கள், விதையை எண்ணுவார்கள். நான் காம்பு பார்க்கிறவள். எது எங்கே வளையும், எது தொட்டால் ஒடியும் என்று தெரியாமல் நூல் போட முடியாது. நானூற்றுப் பன்னிரண்டின் காம்பு நேராக, மயிரிழைபோல இருக்கும். என் விரலுக்குத் தெரியும். முட்டி மடக்கிய காம்பை நான் தைத்தது வேறு ஒரு தாளில். அதுவும் அதே காட்டிலிருந்து வந்ததுதான். அதே நாளில், அதே மேசையில் தைத்தது. எண் நானூற்றுப் பதினைந்து.

அது போன வருஷம் மே மாதம். நான் வேலை செய்யும் அறை கூடத்தின் பின்பக்கம் இருக்கிறது. கூடத்தில் ஏசி உண்டு, செடிகளுக்காக. என் அறையில் ஒரு சீலிங் ஃபேன் உண்டு, ஆனால் மேசையில் தாள் இருக்கும்வரை அதைப் போடக் கூடாது, இலை பறந்துவிடும். ஜன்னலும் திறக்கக் கூடாது. புதுச்சேரி மே மாதத்தில் பூட்டிய அறையில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். அதோடு எனக்கு அந்த வயசு வேறு. திடீர் திடீரென்று உடம்புக்குள் அடுப்பைப் பற்றவைத்ததுபோல் ஒரு சூடு கிளம்பி, கழுத்து, முகம், தலையெல்லாம் வேர்த்துக் கொட்டும். யாரிடம் சொல்ல? அன்றைக்கு அப்படி ஒரு சூடு வந்து மூச்சே முட்டியது. எழுந்துபோய் ஃபேனைப் போட்டேன். ஒரு நிமிஷம், அதற்கு மேல் இல்லை. நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் மேசைக்குக் கீழே மூன்று காய்கள் கிடந்தன.

எந்தத் தாளிலிருந்து விழுந்தது என்று தெரியாவிட்டால் தனி உறையில் போட்டு 'இடம் தெரியவில்லை' என்று எழுதி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. கொடுத்தால் எப்படி விழுந்தது என்று கேட்பார்கள், ஃபேன் என்று சொல்ல வேண்டிவரும். மேசையில் இருந்த தாள்களில் எனக்கு நேரே இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு. இதிலிருந்துதான் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் உறுத்தியது. பிறகு மறந்துவிட்டேன். மார்ச்சில் அவர் காயைப் பற்றிச் சொன்னபோதுகூட அது நினைவுக்கு வரவில்லை.

ப்ரூஃபை மடித்து வைத்துவிட்டு, குடும்பம் தெரியாத செடிகளுக்கென்று இருக்கும் கடைசி அலமாரிக்குப் போனேன். நானூற்றுப் பதினைந்தை அங்கேதான் போட்டிருந்தார்கள். அதை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. தாளைத் திறந்தேன். முட்டி மடக்கிய காம்புகள் நாலு இருந்தன. மூன்று மொட்டையாக நின்றன, அதில் ஒன்று வளைவிலேயே ஒடிந்திருந்தது. நாலாவதில் ஒரு காய் இருந்தது. வரிவரியாக, கொக்கி கொக்கியாக முடியோடு.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அலமாரியை மூடிவிட்டு வந்து, மீதி இருந்த நாலு தாளைத் தைத்துவிட்டு, ஐந்தரை மணிக்கு டெம்போ பிடித்தேன். எனக்கு என் பெயர் வேண்டும். அந்த வரியில், அந்த வாலோடு வேண்டும். வேறு காரணம் சொன்னால் பொய்.

மறுநாள் சுற்றி வளைத்து தாமரைச்செல்வியிடம் கேட்டுப் பார்த்தேன். பேர் வெளியான பிறகு எங்கேயாவது தப்பு இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வார்கள், எடுத்துவிடுவார்களா என்று. எடுக்கவே முடியாதாம். அச்சில் வந்த பெயர் வந்ததுதான். தப்பு என்று பின்னால் யாராவது எழுதலாம், ஆனால் அந்தப் பெயரும் அந்தத் தப்பும் சேர்ந்தே எல்லாப் புத்தகத்திலும் இருக்குமாம். ஒரு செடியின் இலையையும் இன்னொரு செடியின் பூவையும் ஒரே தாளில் பார்த்துவிட்டுப் புதுச் செடி என்று எழுதிய ஒருவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். "அவரு செத்தே எழுபது வருஷம் ஆச்சி. இன்னும் நாங்க சிரிக்கிறோம் பாருங்க" என்றார். நானும் சிரித்தேன். வாய் மட்டும் சிரித்தது.

ஆக, சொன்னால் என் பெயர் பிறப்பதற்கு முன்பே போய்விடும். சொல்லாவிட்டால், என் பெயரை வைத்தே அவரை நூறு வருஷத்துக்குச் சிரிப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். 

தெருவில் கால் வைத்தால் விடமாட்டார்கள். மளிகைக் கடைக்காரர் எழுந்து நின்று சலாம் சொன்னார். எதிர்வீட்டு அன்னக்கிளி அந்தச் செடி சுகருக்கு நல்லதா, கஷாயமாகக் குடிக்கணுமா பச்சையாகத் தின்னணுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டேன், வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறேன் என்று அவளுக்குக் கோபம். மதரஸாவில் பெண்களுக்கான கூட்டம் ஒன்றில் என்னைப் பேசச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். என் மாமியார் ரோஷன் பீவி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, என் மருமகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்றார். நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன். ஓடிப்போக அந்த வீட்டில் இன்னொரு கதவு இல்லை.

பேனரைக் கழற்றிவிடுங்கள் என்று பக்ருதீனிடம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். மணி பிளான்ட் படம் போட்டதற்குத்தான் எனக்கு வருத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார். "சரி, ஒன் செடி போட்டோ குடு, வேற அடிச்சிடறேன்" என்றார். அந்த மனுஷனை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை.

எல்லாவற்றையும் தாங்கியிருப்பேன். நூரீன்தான் என்னை உடைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். காலேஜில் யாரோ அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாள் ஏதாவது சொல்லி மழுப்புவாளாம். "இன்னிக்கி சொல்லிட்டேம்மா. எங்கம்மா தைக்கலன்னா அந்தச் செடியே இல்லன்னு சொன்னேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், ஒரு சட்டையை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். பத்து வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. நான் படி இறங்கிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன்.

என் பிள்ளை இந்தப் பொய்யைத் தன் வாயால் எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் கொடுக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவளிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் அவளும் என்னோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்வாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானூற்றுப் பதினைந்தாம் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தாமரைச்செல்வியின் அறைக்குப் போனேன். அவர் ப்ரூஃபில் சிவப்புப் பேனாவால் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். தாளை அதன் மேலேயே வைத்தேன்.

"மேடம், அந்தக் காய் இதோடது. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார். மொட்டைக் காம்புகளைப் பேனா முனையால் தொடாமல் எண்ணினார். எழுந்து போய் நானூற்றுப் பன்னிரண்டை எடுத்துவந்து, உறையைப் பிரித்து, ஒரு காயை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தார். பிறகு நானூற்றுப் பதினைந்தை வைத்தார். மறுபடி அதை. மறுபடி இதை. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஜன்னல் வழியாக ஸ்டேடியம் பக்கத்தில் யாரோ விசில் ஊதிப் பயிற்சி கொடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரமாவது ஆகியிருக்கும்.

எப்படி நடந்தது என்று கேட்டார். ஃபேனைச் சொன்னேன். உடம்புச் சூட்டையும் சொன்னேன். திங்கட்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு கண்களையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"காய் இல்லன்னா இது அந்தப் பழைய செடிதான்" என்றார். என்னிடம் சொல்வதுபோல இல்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபது வருஷம் ஒதுக்கி ஒதுக்கி வைத்து, கடைசியில் நம்பி எழுதிய ஒன்று. அதை நம்பியதற்குக் காரணம் செடிகூட இல்லை, என் கை. அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, பத்திரிகைக்கு மூன்று வரி தட்டினார். யோசிக்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

காயைப் பற்றிச் சந்தேகம் வந்ததால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருப்பதாகச் சொன்னார். அந்த மூன்று காயையும் உறையோடு எடுத்து நானூற்றுப் பதினைந்தில் ஒட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். ஃபேன் விஷயம் டைரக்டர் காதுக்குப் போனால் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் தான் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றார்.

"உங்க பேர் எங்கயும் வராது, லமீஸ். பயப்படாதீங்க."

அவர் மனசார, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு அது புரிந்தது. ஆனாலும் அப்படி ஒரு கோபம் வந்தது. பத்தொன்பது வருஷம் எங்கேயும் வரவில்லை. வந்த ஒரு இடத்திலிருந்தும் இப்போதுதான், நானே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூன்று வரியில் போய்விட்டது. தப்பு செய்தவளாகக்கூட நான் இருக்கக் கூடாதா? அந்தக் காய்கள் தாமாகப் பறந்து தாமாக உறைக்குள் போயினவா?

"வரணும், மேடம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அவர் மேசையின் இழுப்பறையில் சின்னச் சின்ன வெள்ளைச் சீட்டுகள் இருக்கும். ஒரு தாளை எடுத்துப் பார்க்கிறவர் தனக்குத் தோன்றியதை அதில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, அந்தத் தாளிலேயே ஒட்டச் சொல்வார். பழைய தாள்களில் பிரெஞ்சில் எழுதிய சீட்டுகூட இருக்கிறது. முன்னால் எழுதியவர் சொன்னது தப்பு என்று பின்னால் வருகிறவர் இன்னொரு சீட்டு ஒட்டுவார். ஆனால் எதையும் கிழிக்கக் கூடாது. நான் அதில் ஒன்றைக் கேட்டேன்.

"அது செடிய பாக்கறவங்க எழுதறது, லமீஸ்" என்றார், மெதுவாக.

"நான் பாக்கலியா, மேடம்?"

 அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டையும், அழியாத மை போட்ட பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. தமிழில்தான் எழுதினேன். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து பார்த்தால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டும். "இந்த உறையில் உள்ள மூன்று காய்களும் இந்தச் செடியின் காய்கள் அல்ல. நானூற்றுப் பதினைந்தாம் தாளிலிருந்து விழுந்தவை. பொருத்தும்போது நான் ஃபேன் போட்டதால் பறந்தன. எதிலிருந்து என்று தெரியாமலே இதில் போட்டு ஒட்டினேன். காம்பின் வளைவைக் கொண்டு பின்னால் கண்டுபிடித்தேன்." தேதி போட்டேன். அதற்குக் கீழே, 'மு. லமீஸ், தாள் பொருத்துபவர்' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். சீட்டு சின்னது, நான் எழுதியது அதிகம்.

தாமரைச்செல்வி அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். 'பின்னால் கண்டுபிடித்தேன்' என்ற இடத்தில் அவர் விரல் சற்று நின்றது. ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. தன் பேனாவை எடுத்து, அவரும் அந்தக் காய்களைப் பார்த்ததாக எழுதி, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு சீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். வீட்டில் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டார். நடந்ததைச் சொல்வேன், முதலில் நூரீனிடம் என்றேன். 

நானூற்றுப் பன்னிரண்டாம் தாளை என் அறைக்கு எடுத்துப் போனேன். அவரும் கூடவே வந்து மேசைக்கு எதிரில் நின்றார். தாளில் உறைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் சீட்டை வைத்து, கோணாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"டைரக்டர் பாப்பாரு. யார் வேணா பாப்பாங்க. ஒட்டிட்டா எடுக்க முடியாது, லமீஸ்" என்றார்.

"தெரியும் மேடம். பத்தொம்பது வருஷமா நான்தான ஒட்றேன்."

பசையைத் தொட்டுச் சீட்டின் பின்பக்கம் தடவினேன்.